உடைப்பதற்கென்று ஒரு கேக்

பிப்ரவரி 6

மாப்பிள்ளைக்கு,

நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீங்களும் என் மகளும் சுகமா? பேத்தி பட்டாணிக்குச் சளி பிடித்திருந்ததே, விட்டதா? அதை நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை புரிந்தது, நம்ப முடியவில்லை. ஏப்ரல் 18 பட்டாணிக்கு முதல் பிறந்தநாள். போட்டோக்காரர் ஒருவர் வீட்டுக்கே வருவார். தரையில் வெள்ளைத் துணி விரித்து அவளை உட்கார வைத்து, முன்னால் ஒரு முழுக் கேக்கை வைப்பீர்கள். அவள் அதை அடித்து, பிய்த்து, முகத்திலும் தலையிலும் பூசிக்கொள்வாள். அதைப் படம் பிடித்து மாட்டுவீர்கள். இதுதானே?

நாற்பத்தொரு வருடம் சுவர் பூசியவன் நான். பூசிய சுவரில் எவனாவது ஆணி அடித்தாலே எனக்கு அன்று சாப்பாடு இறங்காது. உடைப்பதற்கென்றே ஒரு பொருளைச் செய்வார்கள் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். செய்பவனுக்குக் கை எப்படி வரும்?

சரி, உங்கள் காலம். அதை விடுங்கள். நான்கு பக்கம் எழுதிய நீங்கள், "மாமா, நீங்களும் வந்துவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஜூலையில் நான் வந்தபோது தொட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைத் தட்டிப் பார்த்தேன். பூச்சு உள்ளே விட்டுப்போய் ஈரம் இறங்கியிருந்தது. மூன்று மாதப் பிள்ளை அதற்குப் பக்கத்தில் மூச்சு விடுகிறது. நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பிள்ளையைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இருபது சதுர அடியைக் கொத்தி எடுத்தேன். நல்லதுதான் செய்தேன். வீட்டுக்காரர் வந்து, "யாரைக் கேட்டு என் சுவத்துல கை வெச்சீங்க?" என்று சத்தம் போட்டார். அவர் சத்தம் எனக்கு ஒரு பொருட்டில்லை. என் மகள் அவர் எதிரிலேயே, "அப்பா, இனிமே எங்க வீட்டுக்கு வரதுன்னா கேட்டுட்டு வாங்க" என்றாள்.

ஏழு மாதமாகிறது. மகள் வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கும் பழக்கம் எனக்கில்லை. அவள் கூப்பிட்டால் வருவேன். இதை அவளிடம் சொல்லுங்கள், அல்லது படிக்கக் கொடுங்கள்.

போனில் பேசலாமே என்கிறீர்கள். போனில் அவள் பாதியில் வைத்துவிடுவாள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். இதையும் உங்கள் மூக்குக் கண்ணாடிக் கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் தபால் தவறுகிறது என்கிறீர்கள். நான் இருந்த நாட்களில் அந்தத் தெருவுக்குத் தபால்காரர் ஒழுங்காகத்தான் வந்தார்.

கேக்கைக் கடையில் சொல்ல வேண்டாம். நான் யோசிக்கிறேன்.

பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லா போடவும்.

மாமனார்.


பிப்ரவரி 19

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். மூவரும் நலம். பட்டாணிக்குச் சளி விட்டது. அவளிடமிருந்து எனக்கு வந்து, என்னிடமிருந்து கடையில் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? பார்த்தேன் என்று எழுதுவீர்கள், தெரியும். உண்மையாகவே பாருங்கள்.

கேக் தேடி மூன்று இடம் ஏறி இறங்கினோம். முதல் கடையில் நீல க்ரீம் வைத்த துண்டு ஒன்றைச் சாப்பிடக் கொடுத்தார்கள். சாயங்காலம் வரை எங்கள் நாக்கு நீலம். கண் பரிசோதனைக்கு வந்த பெரியவர் என் வாயைப் பார்த்துவிட்டு, "தம்பி, என் கண்ணு கிடக்கட்டும், நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். இரண்டாவது கடைக்காரர் காட்டிய கேக் பட்டாணியை விடக் கனம். மூன்றாவது, வீட்டிலேயே செய்து கொடுக்கும் ஒரு அம்மா. பிள்ளைக்கு எத்தனை பல், ஈரமான பொருளில் கை வைப்பாளா, சத்தத்துக்குப் பயப்படுவாளா என்றெல்லாம் கேட்டார்.

போட்டோக்காரரும் ஒரு பட்டியல் சொல்லியிருக்கிறார். சாக்லேட் கூடாது, "படத்துல பாக்கறவங்க வேற எதையோ நினைச்சுப்பாங்க." சிவப்பு கூடாது, அடிபட்டது போலத் தெரியும். குளிர்ச்சியாக இருக்கக் கூடாது, தொட்டதும் அழுவாள். வெளிர் நிறமாக, விரல் பட்டதும் உள்ளே போகிற மாதிரி இருக்க வேண்டும். சர்க்கரையைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வாழைப்பழத்தின் இனிப்பே போதுமாம்.

நீங்கள் வர வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் கடிதத்தை உங்கள் மகளிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். "அவர் ஒரு வார்த்தை கேட்டா, நான் வேணாம்னா சொல்லப்போறேன்?" என்றாள். அப்புறம் பட்டாணிக்குத் துணி மாற்றப் போய்விட்டாள். நடுவில் நிற்பவன் நான். என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை.


மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

டாக்டரைப் பார்த்தேன். நடக்கச் சொன்னார். நடந்தால்தானே வலிக்கிறது என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நீங்கள் மூவரும் நலம் என்று படித்தேன். மகள் கைப்பட எழுதியிருந்தால் கூடுதலாக நம்பியிருப்பேன்.

என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கேக்கை நானே செய்து அனுப்புகிறேன். சிரிக்க வேண்டாம். எங்கள் தெரு முனைக் கடையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். க்ரீம் பூசுகிறவன் கத்தியைப் பிடித்த பிடியே சரியில்லை. மேலிருந்து கீழே இழுக்கிறான். வட்டச் சுவரை அப்படிப் பூசினால் அடி பெருத்துப் போகும். "தம்பி, கீழேயிருந்து மேலே கொண்டு போ" என்றேன். "பெரியவரே, ஒண்ணு வாங்குங்க, இல்ல வழி விடுங்க" என்றான். வழி விட்டுவிட்டு வந்தேன்.

மூடிப்போன டீக்கடையிலிருந்து ஓர் அடுப்புப் பெட்டி வாங்கியிருக்கிறேன். கதவு சரியாகச் சாத்தாது. களிமண் அப்பிச் சரி செய்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. சிமெண்டு மூட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் எழுதப் படிக்கக் கற்றேன். சாரம் கட்டுவதையும் பூசுவதையும் பார்த்துப் பார்த்துக் கற்றேன். இதையும் கற்க மாட்டேனா? நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. நூலகத்து அம்மா என்னை இரண்டு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

முதல் கேக் நடுவில் குமிழ் போல எழும்பிவிட்டது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், முக்கால் அங்குல வித்தியாசம். இரண்டாவது உள்ளே வேகவில்லை. மூன்றாவதைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்தேன். மென்று பார்த்துவிட்டு, "ஐயா, கோபிச்சுக்காதீங்க. இதை ஜன்னல் ஆடாம இருக்க முட்டுக் குடுக்கலாம்" என்றார். அந்த அம்மா தைத்த சட்டையில் ஒரு கை நீளம். நான் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? நாலாவது நன்றாக வந்தது. வாழைப்பழம், கோதுமை மாவு, வெண்ணெய், முட்டை. சர்க்கரை ஒரு சிட்டிகை கூட இல்லை.

எனக்கு அளவு வேண்டும். பட்டாணி தரையில் உட்கார்ந்தால் தரையிலிருந்து முகவாய் வரை எவ்வளவு? முழங்கை வரை எவ்வளவு? கை நீட்டினால் எவ்வளவு தூரம் எட்டும்? அளவில்லாமல் வேலை தொடங்கியவன் கிடையாது நான். ஏழு மாதத்துக்கு முன் மடியில் வைத்திருந்த பிள்ளையின் அளவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

உடனே எழுதவும்.

மாமனார்.


மார்ச் 15

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் எல்லாரும் நலம். டாக்டர் சொன்னபடி கொஞ்சமாவது நடங்கள்.

அளவு எடுத்தேன். பிடித்து உட்கார வைப்பதற்குள் டேப்பை வாயில் போட்டுக்கொண்டாள். தரையிலிருந்து முகவாய் பதினோரு அங்குலம். முழங்கை ஐந்தரை. கை எட்டும் தூரம், ஆசைப்பட்டால் ஒன்பது அங்குலம், இல்லையென்றால் ஏழு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே உங்கள் மகள் அந்த மூன்றாவது அம்மாவிடம் கேக் சொல்லிவிட்டாள். வெளிர் மஞ்சள், மேலே ஒன்றும் இல்லாமல். நீங்கள் செய்கிறீர்கள் என்று நான் சொன்னபோது, "எனக்கு எழுதலையே, உங்களுக்குத்தானே எழுதினாரு" என்றாள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை.


மார்ச் 20

மகளுக்கு,

உனக்கு எழுதவில்லை என்றாயாம். எழுதிவிட்டேன்.

நான் நலமாக இருக்கிறேனா என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், இருக்கிறேன். நீ நலமா?

அந்த அம்மாவிடம் சொன்ன கேக்கை வேண்டாம் என்று சொல். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு ஊரார் கேக் செய்ய வேண்டும், தாத்தா செய்தால் வேண்டாமா? உன் அம்மா போன பிறகு உனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டியது யார்? தலை பின்னியது யார்? முதல் நாள் கோணலாகப் பின்னினேன் என்று அழுதாய். மறுநாள் மட்டப்பலகையை உன் தலையில் வைத்து வகிடு எடுத்தேன், சிரித்தாய். எனக்குத் தெரியாத வேலை எதையாவது நான் கற்காமல் விட்டிருக்கிறேனா?

அளவு வந்துவிட்டது. ஆறு அங்குல வட்டம், ஐந்து அங்குல உயரம். அவள் முழங்கைக்கு அரை அங்குலம் கீழே நிற்கும். இவ்வளவு யோசித்து எந்தக் கடையில் செய்வார்கள்?

பதில் எழுது. மாப்பிள்ளை மூலமாகச் சொல்லி அனுப்பாதே.

அப்பா.


ஏப்ரல் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் முழங்காலோடு நாள் முழுக்க அடுப்பு முன்னால் நிற்பீர்கள் என்று தெரியும். ஸ்டூல் போட்டு உட்காருங்கள்.

கேக்கை நீங்களே அனுப்புங்கள். அந்த அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பணத்தை அவர் திருப்பித் தரவில்லை, பரவாயில்லை. ஒன்றே ஒன்று. மெத்தென்று இருக்கட்டும். அவள் கை வைத்தால் உள்ளே போக வேண்டும். இதை மூன்று தடவை படியுங்கள்.

இப்போது மற்றது. இவர் சொல்ல வேண்டாம் என்கிறார், நானும் இத்தனை நாள் எழுதவில்லை. நாங்கள் அந்த வீட்டில் இல்லை அப்பா. நீங்கள் சுவரைக் கொத்திவிட்டுப் போன இரண்டாவது வாரம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். நாலு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் வீடு தேடினேன். பத்து நாள் இவருடைய கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருந்தோம். இப்போதைய வீடு சின்னது, இவர் கடைக்கு ஒரு மணி நேரம். தபால் தவறவில்லை. தெரிந்தால் வருத்தப்படுவீர்கள் என்று இவர்தான் கடை விலாசம் கொடுத்தார்.

சுவர் ஈரமாக இருந்தது எனக்கும் தெரியும். நான் உங்கள் மகள். வீட்டுக்குள் வந்த முதல் நாளே தட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரரிடம் பேசியிருந்தேன், அவரே ஆள் வைத்துச் செய்வதாக ஒத்துக்கொண்டிருந்தார். நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கேக்கைப் பற்றி நான்கு பக்கம் எழுதுகிறீர்கள். வரட்டுமா என்று அரை வரி எழுத வரவில்லை. நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்.


ஏப்ரல் 12

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். ஸ்டூல் போட்டுக்கொண்டேன். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

கேக் விவரம் எழுதுகிறேன். 15ஆம் தேதி காலையில் வேக வைத்து, ஆறியதும் மேலே பழக்கூழ் தடவி, 16 அன்று பூச்சு. சர்க்கரைத் தூளும் முட்டை வெள்ளைக்கருவும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அடித்தால் வெள்ளைச் சிமெண்டு போலவே வருகிறது. அடிப்பூச்சு, இரண்டாம் பூச்சு, மேல்பூச்சு என்று மூன்று. ஒவ்வொன்றும் மின்விசிறியில் காய்ந்த பிறகுதான் அடுத்தது. பூச்சை டாக்டர் பார்த்தால் சர்க்கரை என்பார். அது பூச்சு, தின்பதற்கல்ல. உள்ளே இருப்பதைத் தரவும்.

மெத்தென்று வேண்டும் என்று எழுதியிருந்தாள். மூன்று தடவை படித்தேன். எட்டு மணி நேரப் பஸ் பயணம். மெத்தென்ற கேக் என்ன நிலையில் வந்து சேரும் என்று யோசிக்க வேண்டாமா? இதே போல ஒன்று செய்து முழங்கால் உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. தையல்காரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "பீங்கான் கிண்ணம் மாதிரி இருக்குதே ஐயா" என்றார். இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

17 சாயங்காலப் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் பெயர் தெரியாது, இடது கையில் இரண்டு வாட்ச் கட்டியிருப்பார். 18 காலை நிலையத்தில் நின்று வாங்கிக்கொள்ளவும். குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், பூச்சு வியர்க்கும்.

வீடு மாறியதை மகள் எழுதியிருந்தாள். நான் சொன்னது தப்பில்லை. சுவர் ஈரம்தான்.

புது வீட்டில் காற்று வருமா?

மாமனார்.


ஏப்ரல் 24

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். எல்லாரும் நலம். எழுத ஆறு நாள் ஆகிவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான்.

கேக் அப்படியே வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் போட்டோக்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். இவ்வளவு நேரான விளிம்பைத் தான் பார்த்ததில்லை என்றார். உயரம் அவள் முழங்கைக்குக் கச்சிதம். மஞ்சள் வெயில் ஜன்னல் வழியாக விழுந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

பட்டாணி முதலில் தட்டினாள். சத்தம் வந்தது. மறுபடி தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் அடித்தாள். போட்டோக்காரர், "கொஞ்சம் உதவி பண்ணுங்க சார், ஒரு ஓட்டை போட்டு விடுங்க" என்றார். நான் ஸ்பூனால் குத்தினேன், ஸ்பூன் வளைந்தது. ரொட்டிக் கத்தி வழுக்கியது. "சார், இது கேக்கா, தூணா?" என்றார். அவளுக்கு அதற்குள் பொறுமை போய், குனிந்து கடிக்கப் பார்த்தாள். அவளிடம் இருப்பது நான்கு பல். நெற்றி விளிம்பில் இடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அழுகைதான். கேக்கைப் பார்த்தாலே அழுதாள். அதைத் துண்டு போட்டு மூடி வைத்தோம்.

போட்டோக்காரருக்கு அடுத்த வேலை இருந்தது. கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு உங்கள் மகள் ஸ்க்ரூடிரைவரும் சப்பாத்திக் கட்டையும் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து, அதைக் கொத்தி உடைத்தாள். நான் பக்கத்தில் போகவில்லை. உள்ளே இருந்த கேக் மிக நன்றாக இருந்தது மாமா. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். பட்டாணிக்குக் கொடுத்தோம், துப்பிவிட்டாள். அழுததால்தான், ருசியால் இல்லை. உங்கள் மகள் சாப்பிடவில்லை.

அன்புடன்,
மாப்பிள்ளை.


மே 3

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் இருக்கட்டும். நெற்றியில் அடி எவ்வளவு? வீங்கியதா? டாக்டரிடம் காட்டினீர்களா? போட்டோக்காரர் என்ன சொன்னார், ஸ்பூன் எப்படி வளைந்தது என்பதையெல்லாம் விவரமாக எழுதிவிட்டு, இதை ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள்.

இறுகாத பூச்சை நான் வாழ்க்கையில் பூசியதில்லை. அந்த மனிதருக்குப் பிள்ளையைப் படம் எடுக்கத் தெரியவில்லை என்றால் அதற்குக் கேக் என்ன செய்யும்? ஓரமாக மரச் சுத்தியலால் மெல்லத் தட்டியிருந்தால் ஒரே ஏடாக வந்திருக்கும். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நெற்றியைப் பற்றி உடனே எழுதவும். எடுத்த படங்களில் ஒன்றாவது அனுப்பவும்.

மாமனார்.


மே 24

மாப்பிள்ளைக்கு,

இருபத்தொரு நாளாகிறது. நலமா, இல்லையா என்று கூடத் தெரியவில்லை. கடைக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "சார் கஸ்டமரோட இருக்காரு" என்றார். மறுநாளும் கஸ்டமரோடுதான் இருந்தீர்கள்.

பிள்ளையின் நெற்றி எப்படி இருக்கிறது?

மாமனார்.


ஜூன் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் நலம். நெற்றியில் சின்ன வீக்கம், மூன்றாம் நாளே போய்விட்டது. தழும்பு இல்லை. இவர் உங்களுக்கு எழுதாமல் இருந்ததற்கு நான்தான் காரணம். நானே எழுதுகிறேன் என்றேன், எழுத உட்கார்ந்த போதெல்லாம் கோபம் வந்தது.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். நாற்பது எடுத்தார், முப்பத்தெட்டில் அழுகிறாள். இது அடிப்பதற்கு முன் எடுத்தது. கேக்கைப் பார்க்கிறாளே, அந்த முகம் உங்களுடையது. எல்லாரும் சொல்கிறார்கள்.

போட்டோக்காரர் நல்ல மனிதர். இந்த மாதக் கடைசி ஞாயிறு மறுபடி வருகிறேன் என்றிருக்கிறார். பிறந்தநாள் முடிந்தால் என்ன, படத்துக்கு அது தெரியாது. அந்த மூன்றாவது அம்மாவிடமே மறுபடி கேக் சொல்லப்போகிறேன். என்னைப் பார்த்ததும் என்ன சொல்வாரோ, கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இனிமேல் எதுவும் அனுப்ப வேண்டாம் அப்பா. நான் மெத்தென்று வேண்டும் என்றேன். நீங்கள் படித்தீர்கள், புரிந்துகொண்டீர்கள், பிறகு உங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்தீர்கள். எப்போதும் அப்படித்தான். எனக்குக் கைவலி. அன்று அதை உடைத்ததில் வந்தது, இன்னும் போகவில்லை.

முழங்கால் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.

மகள்.


ஜூன் 15

மகளுக்கு,

கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அலட்சியம் செய்யாதே, மணிக்கட்டு போனால் திரும்பாது. என் மணிக்கட்டைப் பார்த்திருக்கிறாய். மற்றபடி நீங்கள் நலம் என்று படித்தேன். நான் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடுகிறேன்.

படம் வந்தது. முகம் என்னுடையது என்கிறாய். பாவம், பெண் பிள்ளை.

அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அனுப்பவில்லை. ஆனால் செய்து பார்க்க வேண்டாம் என்று நீ எழுதவில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஐந்து செய்துவிட்டேன். பால் க்ரீமை அடித்து, வாழைப்பழக் கூழ் கலந்து, சர்க்கரை சேர்க்காமல். காயவே காயாத பூச்சு. முதல் நாள் எனக்குக் கையே ஓடவில்லை. பூசினால் நிற்கவில்லை, அழுத்தினால் அழுந்துகிறது. அழுந்தட்டும் என்று விட மூன்று நாள் பிடித்தது. நாலாவதில் என் விரலை வைத்தேன், உள்ளே போய்விட்டது. தையல்காரம்மாவின் தம்பி பிள்ளை ஒன்றரை வயது, அதை உட்கார வைத்துப் பார்த்தோம். இரண்டு கையையும் முழங்கை வரை விட்டது. சிரித்தது. என் சட்டையிலும் அப்பியது. நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். நாலாவதைப் போலவே ஐந்தாவதை ஒரு பெட்டியில் வைத்து, ஊர் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். ஐந்தாவது நிறுத்தத்தில் ஒரு பக்கம் சரிந்தது. எட்டாவதில் பெட்டியின் ஓரம் வழியாக என் மடியில் வழிந்தது. பக்கத்து சீட்டு அம்மா கைக்குட்டை கொடுத்தார், "யாருக்குங்க பிறந்தநாள்?" என்றார். முடிந்துவிட்டது என்றேன். நனைந்த வேட்டியோடு திரும்பி நடந்தே வந்தேன். முழங்காலைப் பற்றிக் கேட்காதே.

உனக்குப் புரிகிறதா? இந்தக் கேக் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஐஸ் வைத்து அனுப்பினால் குளிரும், பிள்ளை அழும். எத்தனை வழி யோசித்தும் ஒன்றுதான் மிஞ்சுகிறது. பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கேயே, படம் எடுக்கும் அன்று காலையில் செய்ய வேண்டும். உன் வீட்டு அடுப்பில். உன் அடுப்பு எந்த வகை, கதவு சரியாகச் சாத்துமா என்பது எனக்குத் தெரியாது. உன் வீடு எந்தத் தெருவில் என்பதே எனக்குத் தெரியாது.

அந்தச் சுவர் ஈரம்தான். அதில் நான் மாற மாட்டேன். அது உன் வீடு, உன்னைக் கேட்காமல் கை வைத்தேன் என்பதும் அப்படியேதான் இருக்கிறது. நாலு மாதப் பிள்ளையோடு மழையில் நின்றதை நீ எழுதிய பிறகு அந்தக் கடிதத்தை நான் மறுபடி எடுக்கவில்லை. எடுக்காமலே மனப்பாடம்.

நான் வரட்டுமா?

மாதக் கடைசி ஞாயிறுக்கு, முந்தின நாள் பஸ்ஸில். க்ரீம் பூசும் கரண்டியும் கேக் வேக வைக்கும் தகர வளையமும் கொண்டு வருவேன், வேறு கருவி எதுவும் பையில் இருக்காது. வா, வராதே, இரண்டில் ஒன்றை எழுது. காரணம் எழுதி நீட்ட வேண்டாம். தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார், நான் பத்தரைக்கே வாசலில் நிற்பேன்.

அப்பா.